மாட்டுக்கு எலும்புத்தூள் போட்டா பைத்தியம் புடிக்குமா?

கேள்வி: "டாக்டர் ஐயா வணக்கங்க. கோபி பக்கம் எங்க தோட்டத்துல 6 கறவை மாடு இருக்குதுங்க, 4 எச்.எஃப் கிராஸ், 2 ஜெர்சி கிராஸ். லண்டன்ல இருந்து கொழுந்தனாரு வந்திருந்தாரு, நாங்க தாது உப்பு கலக்கறத பாத்துட்டு இதுல எலும்புத்தூள் இருக்கும், இங்கிலாந்துல இப்படித்தான் மாட்டுக்கு மாட்டெலும்பையே போட்டு மேட் கவ் நோய் வந்துச்சுன்னு சொல்லிட்டு போயிட்டாரு. யூட்யூப்ல பாத்தா ஒருத்தர் பூச்சிமருந்துதான் காரணம்ங்கறாரு, இன்னொருத்தர் கங்கையில மிதக்கற பொணத்தோட எலும்புங்கறாரு. எது நெசம்? இப்ப எங்க மாடு ஒண்ணு, ரெண்டாம் ஈத்து, கன்னு போட்டு 12 நாளாச்சு, செவுத்த நக்கிட்டே நிக்குது, நடந்தா தள்ளாடுது, தீவனம் வேண்டாங்குது, சோளத்தட்டு மட்டும் திங்குது. அதுவா இருக்குமோன்னு தூக்கமே இல்லீங்க. பக்கத்து கோழிப்பண்ணையில மிச்சமாகற தீவனம் சல்லிசா கெடைக்குது, அதையும் கொஞ்சம் கலந்து போடறோம். அதனால எதாச்சும் ஆகுமா?"

வணக்கம் அம்மணி. மொதல்ல உங்க மாட்டுக்கு வருவோம், இங்கிலாந்து கதை 40 வருஷம் பழசு, அது கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும்.

கன்னு போட்டு ரெண்டு வாரத்துக்குள்ள, பால் ஏறிட்டு வர்ற நேரத்துல, அடர்தீவனத்த ஒதுக்கிட்டு தட்டு மட்டும் திங்கற மாடு செவுத்தயும் தொட்டியயும் நக்கிட்டு தள்ளாடுதுன்னா எனக்கு மொதல்ல தோணறது கீட்டோசிஸ். பாலுக்குப் போற சக்கரை தீவனத்துல வர்றதவிட ஜாஸ்தியாயிருது, மாடு தன் ஒடம்புக் கொழுப்ப கரைக்க ஆரம்பிக்குது, அதுல வர்ற கழிவு ரத்தத்துல ஏறுனா சில மாட்டுக்கு மூளை கலங்கின மாதிரி ஆயிரும். மூச்சுல நெயில் பாலிஷ் அழிக்கற திரவத்தோட வாசம் லேசா வரும். டாக்டர் வந்து ஒண்ணுக்கு டெஸ்ட் பண்ணிட்டு நரம்புல குளுக்கோஸ் போட்டா அன்னிக்கே தெளியறத நான் நெறைய பாத்திருக்கேன். வெல்லம் கரைச்சு ஊத்திட்டு நாலு நாள் பாப்போம்னு இருக்காதீங்க, அசை போடற மாட்டுக்கு வெல்லம் வயித்துலயே புளிச்சுப் போயிரும், ரத்தத்துக்கு சக்கரையா பெருசா போய்ச் சேராது.

இன்னொரு விஷயம், இது பயமுறுத்த இல்ல, ஆனா சொல்லாம விடமாட்டேன். மாடு எச்சில் ஊத்திட்டு, கட்டைக் குரல்ல கத்திட்டே இருந்து, தண்ணி முழுங்க முடியாம நின்னுச்சுன்னா, இல்ல சில மாசத்துக்கு முன்னால வெறிநாய் கடிச்சிருக்கும்னு சந்தேகம் இருந்துச்சுன்னா, தொண்டையில ஏதோ மாட்டிக்கிச்சுன்னு நெனச்சு வாய்க்குள்ள கைய விடவே விடாதீங்க. நம்ம ஊர்ல "மாட்டுக்கு பைத்தியம் புடிச்சிருச்சு"ன்னு எனக்கு போன் வந்தா நான் பயப்படறது ரேபிசுக்குத்தான், மேட் கவ்வுக்கு இல்ல. இந்தியாவுல இதுவரைக்கும் ஒரு மாட்டுக்குக்கூட மேட் கவ் உறுதியானதில்ல, உலக விலங்கு சுகாதார அமைப்பு நம்மள இந்த நோய்க்கு மிகக் குறைஞ்ச ஆபத்துள்ள நாட்டுப் பட்டியல்லதான் வச்சிருக்கு. அதனால இந்த லெட்டர மூடி வச்சுட்டு மொதல்ல டாக்டருக்கு போன் பண்ணிருங்க, மிச்சத்த அப்பறம் படிச்சுக்கலாம்.

சரி, கொழுந்தனாரு சொன்னது. முக்கால்வாசி சரி. ஆனா அவரு சொல்ற மாதிரி கேட்டா, புல்லு திங்கற மாட்டுக்கு கறி எலும்பு போட்டதால இயற்கை தண்டிச்சு பைத்தியம் புடிச்சிருச்சுன்னுதான் யாருக்கும் தோணும், நடந்தது அது இல்ல. பல நாட்டுல பல வருஷமா மாட்டுக்கு கறித்தூள் எலும்புத்தூள் போட்டுட்டுத்தான் இருந்தாங்க, ஒண்ணும் ஆகல. இங்கிலாந்துலயே இந்த நோய் வர்றதுக்கு ரொம்ப முன்னால இருந்து அந்தப் பழக்கம் உண்டு. அந்தத் தூளுக்குள்ள நோய் புடிச்ச ஒரு மாட்டோட மூளையோ தண்டுவடமோ போய் விழுந்த அப்பறம்தான் கதையே ஆரம்பம்.

1984 டிசம்பர்ல சசெக்ஸ்ல பிட்ஷம்ங்கற பண்ணையில 133-ம் நம்பர் மாடு ஒண்ணு முதுக வளைச்சுட்டு, எளைச்சு, தலை ஆடி, தள்ளாடிட்டு நின்னுச்சு. 1985 பிப்ரவரில செத்துப்போச்சு. அப்ப யாருக்கும் என்னன்னு புரியல. 1986 நவம்பர்லதான் வேபிரிட்ஜ்ல இருக்கற அரசு கால்நடை ஆய்வகத்துல, இப்படி செத்த மாட்டு மூளைய மைக்ராஸ்கோப்ல பாத்துட்டு, பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கு, இது புது நோய்னு முடிவு பண்ணாங்க. மேட் கவ்னு பத்திரிகைக்காரங்க வச்ச பேருதான், அந்த மாடெல்லாம் ஒண்ணும் வெறி புடிச்சு ஓடல. கறவைக் கொட்டாய்க்குள்ள வர பயப்படும், தொட்டா துள்ளும், ஒதைக்கும், பின்னங்காலு கட்டுக்குள்ள இருக்காது, அப்பறம் விழுந்தா எந்திரிக்காது.

அடுத்து ஜான் வைல்ஸ்மித்னு ஒரு கால்நடை நோய்ப்பரவல் நிபுணர், நோய் வந்த பண்ணை பண்ணையா போயி என்ன மருந்து போட்டீங்க, என்ன தடுப்பூசி, மாடு எங்க வாங்கினீங்க, என்ன தீவனம்னு ஒண்ணுவிடாம கேட்டாரு. நம்ம கோமாரி எப்படி பரவும்னு உங்களுக்கே தெரியும், ஒரு ஊர்ல ஆரம்பிச்சு சந்தை வழியா அடுத்த ஊரு, ஒரு கொட்டாய்ல வந்தா எல்லா மாட்டுக்கும் வரும். இது அப்படி இல்ல, நாடு முழுக்க ஒரே சமயத்துல அங்கங்க மொளைக்குது, நூறு மாடு இருக்கற பண்ணையில ஒண்ணோ ரெண்டோ மட்டும் விழுது, கறிக்கு வளக்கற மந்தையவிட பால் மந்தையிலதான் ரொம்ப ஜாஸ்தி. ஒட்டுவாரொட்டின்னா இப்படி வராது, எல்லாரும் ஒரே எடத்துல இருந்து எதையோ வாங்கிருக்காங்கன்னு அர்த்தம். எல்லா பண்ணைக்கும் பொதுவா இருந்தது மூட்டைத் தீவனம், அதுக்குள்ள இருந்த கறி எலும்புத் தூள். பால் மாட்டுக் கன்னுக்குத்தான் சின்னதுலயே அடர்தீவனம் போடுவாங்க, கறி மாட்டுக் கன்னு தாய்கிட்ட குடிச்சுட்டு புல்லு மேயும், அதனாலதான் அந்த வித்தியாசம். கன்னா இருக்கும்போது தின்னது, நாலஞ்சு வருஷம் கழிச்சு மாடானப்பறம் வெளிய வருது.

ஏன் அந்தத் தூள போட்டாங்கன்னு கேப்பீங்க. கறவை ஏற ஏற புரதம் வேணும், புல்லு பத்தாது, வெளிநாட்டு சோயா காசு ஜாஸ்தி. அறுப்புக் கூடத்துல மனுசன் சாப்பிடாம ஒதுக்கற கொடல், எலும்பு, தலை எல்லாம் மலை மாதிரி குமியுது. அத ஒரு ஆலையில போட்டு நொறுக்கி, வேக வச்சு, கொழுப்ப வடிச்சுட்டு, மிச்சத்த அரைச்சா பாதிக்குப் பாதி புரதம். நம்ம பிண்ணாக்கு எப்படி செக்குல எண்ணெய் எடுத்த மிச்சமோ அது மாதிரி கறியோட பிண்ணாக்குன்னு வச்சுக்கங்க. தீவனத்துல நூத்துக்கு சில பங்குதான் அது சேரும், மாடு என்னமோ எலும்ப கடிச்சு தின்ன மாதிரி நெனச்சுக்க வேண்டாம்.

வேக வச்சா கிருமி சாகாதான்னா, இது கிருமியே இல்ல. "பிரியான்"னு சொல்லுவாங்க, 1982ல ஸ்டான்லி புருசினர் வச்ச பேரு, 1997ல அவருக்கு நோபல் குடுத்தாங்க. மூளையில எல்லாருக்கும் இருக்கற ஒரு புரதம் மடிப்பு மாறிப்போயி, பக்கத்துல இருக்கற நல்ல புரதத்தயும் தன்ன மாதிரியே மடிச்சுட்டே போகும். உசுரு இல்லாதத எப்படி கொல்றது? சாதாரண சூட்டுக்கெல்லாம் அது மசியாது. பின்னால ஐரோப்பாவுல 133 டிகிரி சூடு, 3 பார் அழுத்தம், 20 நிமிஷம்னு சட்டமே போட்டாங்க, அதுகூட வீரியத்த ரொம்ப கொறைக்கும்னுதான் சொல்லலாம், சுத்தமா போயிரும்னு இல்ல. (மொத மாட்டோட நம்பரும் 133, இந்த டிகிரியும் 133, சும்மா தற்செயல், இத வச்சு யாராச்சும் வீடியோ போடறதுக்குள்ள சொல்லி வைக்கறேன்.)

இப்ப அந்த மொத மாட்டுக்கு எங்க இருந்து வந்துச்சு? இங்கதான் உங்க யூட்யூப் ஆளுங்க எல்லாம் வராங்க.

ஆரம்பத்துல எல்லாரும் நம்புனது ஆட்டுல இருந்துன்னு. செம்மறிக்கு ஸ்க்ரேப்பின்னு இதே ஜாதி நோய் ஒண்ணு இங்கிலாந்துல 1730கள்ல இருந்தே உண்டு, கம்பத்துல ஒடம்ப தேய்ச்சு தேய்ச்சு ரோமம் போயி சாகும். 1970கள் கடைசில இருந்து கொழுப்பு எடுக்கற ஆலைங்க கரைப்பான் ஊத்தற முறைய கைவிட்டாங்க, அதனால ஆட்டு நோய் சாகாம மாட்டுத் தீவனத்துக்கு வந்துருச்சுன்னு கணக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஸ்க்ரேப்பிய மாட்டு மூளைக்குள்ள ஏத்திப் பாத்தா வர்ற நோய் வேற மாதிரி இருந்துச்சு, எலிக்கு ஏத்துனப்பவும் மேட் கவ் ஒரு தினுசு, தெரிஞ்ச ஸ்க்ரேப்பி எல்லாம் வேற தினுசு. அரசாங்கம் நியமிச்ச லார்ட் பிலிப்ஸ் விசாரணை 2000 அக்டோபர்ல அறிக்கை குடுத்தப்ப, ஆலை முறை மாத்துனது காரணம் இல்ல, 1970கள்ல எங்கயோ ஒரு மாட்டுக்கு இல்ல வேற ஒரு பிராணிக்கு புரதம் தானா மாறியிருக்கலாம், அது செத்து தூளாகி மத்ததுக்கு போயிருக்கலாம்னு சொல்லிச்சு. அடுத்த வருஷமே இன்னொரு கமிட்டி, இல்லப்பா ஆட்ட அவ்வளவு சுலபமா விட்டுற முடியாதுன்னுச்சு. 2019ல பிரான்ஸ் ஆராய்ச்சிக்காரங்க, ஆட்டுக்கு அபூர்வமா வர்ற வேற வகை ஸ்க்ரேப்பிய, மாட்டுப் புரதம் உள்ள எலிகள்ல செலுத்துனப்ப அதுல இருந்து அசல் மேட் கவ் மாதிரியே ஒண்ணு கெளம்புறத காட்டுனாங்க. ஆக ஆடு மறுபடி சாட்சிக் கூண்டுக்கு வந்துருச்சு. மாட்டுக்கு தானா வர்றதும் பொய் இல்ல, வயசான மாட்டுக்கு எப்பவாச்சும் ஒண்ணுக்கு வித்தியாசமான வகை வருது, பிரேசில்ல 2021லயும் 2023லயும் வந்தது அந்த வகைதான், தீவனத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் தெரியல.

பூச்சிமருந்து கதைக்கும் ஒரு ஆள் உண்டு, மார்க் பர்டின்னு சோமர்செட்ல மாடு வளத்த விவசாயி. மாட்டு முதுகுத் தோலுக்குள்ள புழு வைக்கற ஈ ஒண்ணு, அதுக்கு ஆர்கனோபாஸ்பேட் மருந்த முதுகுல ஊத்தணும்னு 1980கள்ல கட்டாயம் பண்ணாங்க. அவரு என் மாட்டுக்கு ஊத்தமாட்டேன்னு கோர்ட்டுக்குப் போயி ஜெயிச்சாரு. தண்டுவடத்துக்கு மேல வெஷத்த ஊத்தறீங்க, அப்பறம் தண்டுவட நோய் வருதுன்னா யோசிக்க வேண்டாமான்னு கேட்டாரு. எனக்கு அந்த மனுசன் மேல மரியாதை உண்டு, கேள்வி நல்ல கேள்வி. ஆனா பதில் தப்பு. அந்த மருந்து இல்லாமலே, நோய் மாட்டு மூளைய கன்னுக்கு வாய் வழியா குடுத்தாலே நோய் வந்துருது. பிலிப்ஸ் விசாரணையும் மருந்து காரணம் இல்லைன்னுச்சு, மாட்டோட எதிர்ப்ப அது கொறைச்சிருக்கலாம்ங்கற சாத்தியத்த மட்டும் விட்டு வச்சுச்சு.

கங்கை கதை 2005ல லான்செட் மருத்துவப் பத்திரிகையில வந்தது, அதனால வெறும் வாட்ஸப் புரளின்னு தள்ள முடியாது. 1960, 70கள்ல இந்தியத் துணைக்கண்டத்துல இருந்து இங்கிலாந்துக்கு உரத்துக்கும் தீவனத்துக்கும் எலும்பு நெறைய ஏத்துமதி ஆச்சு, அது உண்மை. ஆத்துல விட்ட பொணத்தோட எலும்பும் அதுல கலந்திருக்கலாம், அதுல ஒருத்தருக்கு சி.ஜே.டிங்கற மனுச மூளை நோய் இருந்திருக்கலாம், அது மாட்டுக்குப் போயிருக்கலாம்னு ஆலன் கோல்செஸ்டர்னு ஒரு நரம்பியல் டாக்டரும் அவரு மகளும் எழுதுனாங்க. எத்தன "லாம்" பாருங்க. அந்த நோய் வருஷத்துக்கு பத்து லட்சம் பேருல ஒருத்தருக்கு வர்றது. பெங்களூரு நிம்ஹான்ஸ்ல இருந்து ரெண்டு டாக்டர்மாரு அதே பத்திரிகையில பதில் எழுதுனாங்க, ஆதாரம் பத்தாது, நிதானமா பேசணும்னு. இன்னிக்கு வரைக்கும் அந்தக் கதைக்கு கால் மொளைக்கல.

மொத மாட்டுக்கு எப்படி வந்துச்சுன்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது அம்மணி. ஆனா ஒரு மாட்டுல இருந்து 1,80,000 மாட்டுக்கு மேல எப்படி ஆச்சுங்கறதுல எந்த மர்மமும் இல்ல, செத்த மாட்ட தூளாக்கி அடுத்த மாட்டுக்குப் போட்டு, அது செத்து, அதயும் தூளாக்கி, சுத்திச் சுத்தி தீவன மூட்டை வழியாவே பெருக்கிட்டாங்க. நியூகினியில ஃபோரே ஜனங்க செத்த சொந்தக்காரங்கள துக்கத்துல சாப்பிடற சடங்குல குருன்னு இதே தினுசு நோய் பரவுச்சு, சடங்க நிறுத்துனதும் புதுசா தொத்தறது நின்னுச்சு. அதே கணக்குதான் இங்கயும்.

எனக்கு இதுல ரொம்ப கடுப்பான எடம் எதுன்னா, தடை போட்டதுக்கு அப்பறம் நடந்தது. 1988 ஜூலை 18 இங்கிலாந்துல, ஆடு மாட்டுல இருந்து எடுத்த புரதத்த ஆடு மாட்டுக்குப் போடக்கூடாதுன்னு தடை. சரியான முடிவு, சீக்கிரமும் எடுத்தாங்க. ஆனா உத்தரவு ஜூன்லயே வந்தும் கடைக்காரங்க இருக்கற சரக்க தீத்துக்கட்டும்னு அஞ்சு வாரம் டைம் குடுத்தாங்க, பண்ணையில கெடந்த மூட்டையயும் காசு போட்டு வாங்குனத கொட்டவா முடியும்னு மாட்டுக்கே போட்டு முடிச்சாங்க. அது போகட்டும். கோழிக்கும் பன்னிக்கும் அந்தத் தூள போடலாம்னு விட்டுட்டாங்க. தீவன ஆலை ஒண்ணுதான், மிஷின் ஒண்ணுதான். காலையில கோழித் தீவனம் ஓட்டுவாங்க, மத்தியானம் அதே மிக்சர்ல மாட்டுத் தீவனம் ஓட்டுவாங்க, குழாய்லயும் தொட்டி மூலையிலயும் ஒட்டிட்டு இருக்கற தூள் அடுத்த லோடுல கலந்துரும். அந்த கொஞ்சத்துல என்ன ஆகிரப்போகுதுன்னு அப்ப நெனச்சாங்க, ஒரு மாட்டுக்கு நோய் வரணும்னா நெறைய திங்கணும்னு கணக்கு போட்டிருந்தாங்க. அப்பறம் கன்னுங்களுக்கு அளந்து குடுத்துப் பாத்தா ஒரு கிராம் மூளை போதும், அதுக்கும் கீழயே போதும், மிளகு அளவு இருந்தா போதும்னு தெரிஞ்சுச்சு.

விளைவு என்னன்னா, தடைக்கு அப்பறம் பொறந்த கன்னுலயே 40,000த்துக்கு மேல நோய் வந்துச்சு. அதுவும் எங்க ஜாஸ்தின்னா, கோழி பன்னி பண்ணை நெறைய இருக்கற கெழக்கு, வடக்குப் பக்கம். தடைக்கு முன்னால தெக்குப் பக்கம்தான் ஜாஸ்தியா இருந்துச்சு. இதவிட சாட்சி என்ன வேணும்? உள்ளூர்ல விக்க முடியாத தூள வெளிநாட்டுக்கு வித்தாங்க, அதுவும் நடந்துச்சு. நோய் உச்சத்துக்குப் போனது 1992ல, அந்த ஒரே வருஷத்துல 37,000 மாட்டுக்கு மேல. 1996ல எந்தப் பண்ணை பிராணிக்கும் அந்தத் தூள் கூடாது, ஆலையில, பண்ணையில வச்சிருக்கவே கூடாதுன்னு போட்டாங்க பாருங்க, அப்பறம்தான் நெசமாவே அடங்குச்சு.

நடுவுல 1990ல விவசாய மந்திரி ஜான் கம்மர், டிவி கேமரா முன்னால தன் சின்னப் பொண்ணோட நின்னு மாட்டுக்கறி பர்கர் சாப்பிட்டு பயமில்லைன்னு காட்டுனாரு. அதே சமயம் பிரிஸ்டல்ல ஒரு வீட்டுப் பூனைக்கு அந்த நோய் வந்துருச்சு. 1996 மார்ச் 20 பார்லிமெண்ட்ல சுகாதார மந்திரி எந்திரிச்சு, 10 இளவயசு ஆளுங்களுக்கு புது வகை மூளை நோய், மாட்டுல இருந்து வந்திருக்கத்தான் வாய்ப்புன்னு சொல்ல வேண்டியதாச்சு. இங்கிலாந்துல மட்டும் 178 பேர் செத்தாங்க. பால் வழியா வந்ததா எந்த ஆதாரமும் இல்ல, நோய் இருந்தது மூளை, தண்டுவடம், கொடலு மாதிரி எடத்துல. அதனால பாலப் பத்தி கொழுந்தனாரு கெளப்புனா அங்கயே நிறுத்திருங்க.

இனி உங்க தாது உப்பு. அதுல பாஸ்பரசுக்காக சேக்கறது டி.சி.பி., டைகால்சியம் பாஸ்பேட். அது ரெண்டு வழியா வருது. ஒண்ணு பாறையில இருந்து, இன்னொண்ணு ஜெலட்டின் ஆலையில எலும்ப ஆசிட்ல ஊற வச்சு, கரைஞ்சு வர்ற தாதுவ சுண்ணாம்பு போட்டு படிய வச்சு எடுக்கறது. எலும்பு வழியா வந்தாலும் அதுல புரதமும் கொழுப்பும் துளிகூட இல்லைன்னா பயமில்லைன்னு உலக விலங்கு சுகாதார அமைப்பே சொல்லுது, ஏன்னா பிரியான் புரதம், புரதமே இல்லாத எடத்துல அது ஏது. சும்மா அரைச்ச எலும்பு மாவு வேற, இது வேற. கடைக்காரர்கிட்ட "டி.சி.பி. பாறையா எலும்பா"ன்னு ஒரு தடவ கேளுங்க, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கான்னு பாருங்க, பேரில்லாத வெள்ளை மூட்டைய மட்டும் வாங்காதீங்க. பயந்துட்டு தாது உப்பையே நிறுத்திறாதீங்க, அது அதவிட மோசம். பாஸ்பரஸ் பத்தாத மாடு காட்டுல கெடக்கற காஞ்ச எலும்ப தானே தேடிப் போயி கடிக்கும், அதுல பாட்டுலிசம்னு நச்சு ஏறி கால் மடங்கி விழுந்த மாட்ட நான் பாத்திருக்கேன், ஒண்ணும் பண்ண முடியாம நின்னிருக்கேன்.

சட்டமும் இருக்கு. உணவுப் பாதுகாப்பு ஆணையம், கோழி, பன்னி, மீன் தவிர பாலுக்கும் கறிக்கும் வளக்கற பிராணிக்கு மாடு, பன்னியோட கறி, எலும்பு, ரத்தத் தூள் சேந்த தீவனம் போடக்கூடாதுன்னு சொல்லிருச்சு. "கோழி, பன்னி, மீன் தவிர"ங்கறத இன்னொரு தடவ படிங்க அம்மணி. கோழித் தீவனத்துல அது இருக்கலாம், சட்டப்படியே இருக்கலாம். இங்கிலாந்துக்காரன் ஆலை மிஷின்ல தெரியாம கலந்தத நீங்க கொட்டாய்ல கூடை எடுத்து கலக்கறீங்க. நம்ம நாட்டுல நோய் இல்லாததால மேட் கவ் வந்துராது, அந்த பயம் வேண்டாம். ஆனா கோழிக்கு ரத்தக் கழிச்சலுக்குன்னு கலக்கற சாலினோமைசின் மாதிரி மருந்து அளவு மீறுனா மாட்டோட இதயத்தயும் தசையயும் கெடுக்கும், பண்ணைக் கழிவுல செத்த கோழித் துண்டு ஒண்ணு கெடந்தா அதே பாட்டுலிசம் வரும். இப்ப தள்ளாடற மாட்டுக்கு இத எத்தன நாளா போட்டீங்கன்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க, கீட்டோசிஸ்னு நான் நெனைக்கறது தப்பாவும் இருக்கலாம், அவரு நேர்ல பாக்கறவரு.

புரதத்துக்கு பருத்திக்கொட்டை, கடலைப் பிண்ணாக்கு, தேங்காப் பிண்ணாக்கு, தோட்டத்துல கொஞ்சம் வேலிமசால் போதும், உங்க கறவைக்கு அது தாங்கும். மிச்சம் இருக்கற அந்தக் கோழித் தீவனத்த வீட்டுக் கோழிக்கு போட்டுருங்க, மாடு எட்டற எடத்துல மூட்டைய வைக்காதீங்க.